ஏப்ரல் தண்ணியில கயாக் கவிண்ட கதை: எங்கை பிழை விட்டனான் எண்டு சொல்லுங்கோ

ரூஜ்_தூண்டில்
ஏப்ரல் 28, இரவு 9:40

வணக்கம் உறவுகளே. நான் வழக்கமா மீன் படம் மட்டும்தான் போடுறனான். இண்டைக்கு வேற விசயம். சனிக்கிழமை காலமை ரொறன்ரோவில, ஒன்ராறியோ ஏரிக்கரையில இருக்கிற புளஃபர்ஸ் பார்க்கில கயாக் எண்ட சின்னத் துடுப்புப் படகை இறக்கி, கரையிலயிருந்து ஒரு அறுநூறு மீற்றர் தள்ளிக் கவிண்டு போனன். உயிரோட இருக்கிறன். விரல் நுனியில இன்னும் விறைப்பு இருக்கு. ரெண்டு நாளா நித்திரை இல்லை. அதால நடந்ததை நடந்தபடியே எழுதுறன்.

நல்ல வெயில், வெளியில 17 பாகை. அஞ்சு மாதக் குளிருக்குப் பிறகு அப்பிடி ஒரு நாள் வந்தால் ஆர் வீட்டில இருக்கிறது? கரையோரம் தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஜீன்ஸ், பருத்தி ஹூடி, சப்பாத்து. லைஃப் ஜக்கெற் போட்டிருந்தனான். அதுவும் என்ர புத்தியில்லை. மனைவி கார்க் கதவைப் பிடிச்சுக்கொண்டு, சிப்பை மேல வரைக்கும் இழுத்துப் பாத்திட்டுத்தான் விட்டவ.

ஏழரை போல ஒரு பிரவுண் ட்ரவுட் பிடிச்சுது. ரெண்டு கிலோவுக்குக் குறையாது. இடப்பக்கம் சரிஞ்சு அத்தாங்கை நீட்டினன், அந்த நேரம் வலப்பக்கத்தால ஒரு அலை வந்து தூக்கிச்சுது. அவ்வளவுதான்.

தண்ணிக்குள்ள போன உடன நெஞ்சில ஆரோ உதைச்ச மாதிரி. நான் மூச்சு எடுக்க நினைக்கேல்லை, அது தானா எடுத்தது. தலை தண்ணிக்குள்ள இருக்கேக்கயே வாய் திறந்து இழுத்திட்டுது. மேல வந்து கத்தப் பாத்தன், சத்தம் வரேல்லை. நாய் இளைக்கிற மாதிரி மூச்சு. ஜக்கெற்தான் முகத்தை மேல வைச்சிருந்தது.

ஒரு மாதிரிக் கயாக்கைப் பிரட்டிட்டன். ஏறப் பாத்தன், திரும்பவும் என்ர பக்கம் கவிண்டுது. ரெண்டாம் தரம் பிரட்டேக்க கை கட்டை மாதிரி. ஃபோன் சீற்றுக்குப் பின்னால சிப் போட்ட பைக்குள்ள. அந்தச் சிப்பை விரல் பிடிச்சிருக்கா இல்லையா எண்டே தெரியேல்லை, கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுகொண்டன். காலில வேற தூண்டில் நூல் சுத்திக் கிடந்தது. ஒரு சின்ன அலுமினியப் படகில வந்த வயசான சோடி ஒண்டு கண்டு இழுத்தெடுத்தினம். தாங்கள் பாத்ததில இருந்தே ஏழெட்டு நிமிசம் எண்டு அந்த ஐயா சொன்னார். எனக்கு ஒரு மணித்தியாலம் மாதிரி.

வீட்டை வந்து சுடுதண்ணியில குளிச்சன். குளிக்கேக்க கண் இருட்டிக்கொண்டு வந்து, சுவரைப் பிடிச்சு இருந்திட்டன்.

நான் கீரிமலைக் கேணியில நீந்திப் பழகினவன். நல்லா நீந்துவன். ஏன் என்னால ஒண்டும் செய்ய முடியாமப் போச்சு?


ஏரிக்கரை_ராசன்
ஏப்ரல் 28, இரவு 9:58

கடவுளே. தம்பி, முதல்ல அந்த மனைவிக்கு ஒரு நன்றி சொல்லுங்கோ.


மயிலிட்டி_மாமா
ஏப்ரல் 28, இரவு 10:25

தம்பி, தப்பினது பெரிய விசயம். ஆனா வயசுக்கு மூத்தவன் எண்ட உரிமையில ஒண்டு சொல்லுறன். 1990இல ஊரை விட்டு எழும்பும் வரைக்கும் நான் கடலிலதான் நிண்டனான். இரவில, மழையில, வாடை பெயர்ந்த நேரத்தில எல்லாம் விழுந்திருக்கிறம். விழாத மீனவன் ஆர்? பதறினால்தான் தண்ணி குடிப்பான். ஆறுதலா மூச்சை அடக்கி, வள்ளத்தைப் பிடிச்சு ஏறினால் சரி. உங்கட பிழை பதட்டம். ஜக்கெற் எண்டதெல்லாம் கை வீச்சுக்கு இடைஞ்சல் எண்டுதான் நாங்கள் ஒருநாளும் போடேல்லை.


தாதி_மார்க்கம்
ஏப்ரல் 28, இரவு 11:10

ரூஜ் தம்பி, மற்றதெல்லாம் பிறகு. தலை தண்ணிக்குள்ள இருக்கேக்க மூச்சு இழுத்தது எண்டு எழுதியிருக்கிறீர். இருமல் இருக்கா? மூச்சு விடேக்க நெஞ்சு நோ, இளைப்பு, காய்ச்சல்? இருந்தால் விடியும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்பவே எமேர்ஜென்சிக்குப் போம். நுரையீரலுக்குள்ள போன தண்ணி பிறகும் கரைச்சல் குடுக்கும். ஒண்டும் இல்லாட்டியும் நாளைக்கு ஒரு டொக்டர் நெஞ்சைக் கேட்டுப் பாக்கட்டும்.

மாமா, உங்கட அனுபவத்தில நான் கை வைக்கேல்லை. ஆனா மயிலிட்டிக் கடல் 28 பாகை. தம்பி விழுந்த தண்ணி ஏப்ரல் கடைசியில 5 பாகை இருந்தாலே பெரிசு. ரெண்டும் பார்வைக்குத்தான் ஒரே தண்ணி.

தம்பிக்கு நடந்தது பதட்டம் இல்லை. தோல் திடீரெண்டு குளிர்ந்தால் உடம்பு தன்பாட்டில ஒரு பெரிய மூச்சை இழுக்கும். முழங்காலில தட்டினால் கால் உதறுற மாதிரி, மனசைக் கேட்டு நடக்கிறதில்லை. அதுக்குப் பிறகு மூச்சு வேகமா ஓடும், இதயம் அடிக்கிறது கூடும், பிறஷர் ஏறும். வெளியில ஒரு நிமிசம் மூச்சடக்கக்கூடியவருக்கும் அந்தக் குளிருக்குள்ள சில செக்கன்தான் முடியும். தலை தண்ணிக்குக் கீழ இருக்கேக்க அந்த முதல் மூச்சு வந்தால், நீச்சல் தெரியுமா தெரியாதா எண்ட கேள்விக்கே இடம் இல்லை. இதயத்தில ஏற்கெனவே குறை உள்ள ஆக்கள் இந்தக் கட்டத்திலயே போயிடுவினம். கன பேர் குளிரால மெல்ல மெல்ல விறைச்சுச் சாகினம் எண்டு நினைக்கிறது பிழை. விறைக்கிற அளவுக்கு அவைக்கு நேரமே கிடைக்கிறதில்லை.

மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில கோர்டன் கீஸ்பிரெக்ற் எண்ட பேராசிரியர் கன காலம் இதை ஆராய்ஞ்சவர். ஆராய்ச்சிக்காகத் தானே திரும்பத் திரும்பப் பனித்தண்ணிக்குள்ள இறங்கினவர். அவர் சொல்லிக் குடுக்கிற கணக்கு 1-10-1. முதல் 1 நிமிசம் மூச்சைச் சரிக்கட்ட. அடுத்த 10 நிமிசம் மட்டும்தான் கைகால் உம்மட சொல்லுக் கேக்கும். நினைவு தப்பிறதுக்குக் கிட்டத்தட்ட 1 மணித்தியாலம் இருக்கு. ஆனா அந்த மணித்தியாலம் ஜக்கெற் போட்டிருக்கிற ஆளுக்குத்தான்.

சிப்பை விரல் பிடிச்சிருக்கா எண்டு தெரியேல்லை எண்டு எழுதினீர் பாரும், அதுதான் அந்த 10 நிமிசம் முடிஞ்சு வாறது. உடம்பு நடு உறுப்புகளைக் காப்பாத்த வேணும் எண்டு கைகாலுக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும், நரம்பும் தசையும் குளிர்ந்து வேலை செய்யாது. நீந்துற ஆளுக்கு வீச்சுக் கட்டையாகும், கால் கீழ இறங்கும், நேர நிமிர்ந்து நிண்டபடி தாழுவார். ஜக்கெற்றைக் கயாக்கில கட்டி வைச்சால் பிறகு எடுத்துப் போடலாம் எண்டு நினைக்கிறவை இந்த விரலை நினைக்கோணும்.

அடுத்தது அந்தச் சுடுதண்ணிக் குளிப்பு. அப்பிடிச் செய்யக்கூடாது. தண்ணிக்குள்ள இருக்கேக்க தண்ணியே உடம்பைச் சுத்தி அமத்தி ரத்தத்தை நடுவுக்குத் தள்ளி வைச்சிருக்கும். வெளியில வந்தால் அந்த அமத்தல் போயிடும். அதுக்கு மேல சுடுதண்ணி தோலில இருக்கிற நாளங்களை விரிச்சால் பிறஷர் சட்டெண்டு விழும். நீர் சுவரைப் பிடிச்சது அதாலதான். காப்பாத்தி எடுத்த பிறகு ஆக்கள் மயங்கி விழுறதும், சில நேரம் இதயம் நிக்கிறதும் இப்பிடித்தான். அப்பிடி ஒருவரை எடுத்தால் படுக்க வையுங்கோ, நடக்க விட வேண்டாம். ஈர உடுப்பை மெதுவாக் கழட்டி, இல்லாட்டி வெட்டி எடுத்து, காஞ்ச போர்வையால தலையோட சேத்துச் சுத்துங்கோ. சூடு வைக்கிறதெண்டால் நெஞ்சுக்கும் கமக்கட்டுக்கும், உடுப்புக்கு மேலால. கைகாலைத் தேய்க்க வேண்டாம். நல்ல நினைவோட விழுங்கக்கூடியவர் எண்டால் இனிப்பாத் தேத்தண்ணி குடுக்கலாம். சாராயம் ஒரு சொட்டும் வேண்டாம். நடுக்கம் நிண்டு, கதை குழறினால் அது சுகமாகிறதில்லை, மோசமாகிறது. 911 அடியுங்கோ.


ரூஜ்_தூண்டில்
ஏப்ரல் 29, மாலை 6:15

அக்கா, நீங்கள் எழுதினதை மனைவி வாசிச்சிட்டு இரவோட இரவாக் கூட்டிக்கொண்டு போனவ. நெஞ்சுப் படம் எடுத்தவை, நுரையீரல் சுத்தம் எண்டினம். விரல் விறைப்புக் கொஞ்ச நாளில போகுமாம். மிச்சம் நன்றி.


கோவை_கார்த்தி
ஏப்ரல் 29, இரவு 8:30

அண்ணா, படிச்சதும் கை நடுங்கிருச்சு. நான் மிசிசாகாவுல இருக்கேன், போன மாசம்தான் மேல உக்காந்து ஓட்டுற சிட்-ஆன்-டாப் கயாக் ஒண்ணு வாங்கினேன். இந்த வாரக் கடைசியில முதல் தடவையா ஏரியில இறங்கலாம்னு இருந்தேன். பவானி ஆத்துலயும் வாய்க்கால்லயும் குதிச்ச தைரியம்தான், வேற ஒண்ணும் தெரியாது.

வெட் சூட்டா, ட்ரை சூட்டா? ட்ரை சூட் விலை ஆயிரம் டாலருக்கு மேல போகுது, கயாக்கே அவ்வளவு இல்லை. ஆத்துல நின்னு ட்ரவுட் பிடிக்கப் போடுற தண்ணி புகாத பேண்ட், அதான் வேடர்ஸ், ஏற்கெனவே வச்சிருக்கேன், அது போதுமா?


செல்வி_துடுப்பு
ஏப்ரல் 29, இரவு 10:05

கார்த்தி தம்பி, முதல்ல ஒண்டு: இந்த வாரக் கடைசியில ஏரிக்குப் போகாதேங்கோ. ஏதாவது சின்னக் குளத்தில, இடுப்பளவு தண்ணியில தொடங்குங்கோ. ஏன் எண்டு கீழ வாறன்.

உடுப்புக்கு ஒரே விதி. காத்துக்கு உடுத்தாதேங்கோ, தண்ணிக்கு உடுத்துங்கோ. தண்ணி உடம்புச் சூட்டை அதே குளிர்க் காத்தைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமா உறிஞ்சும். ரூஜ் தம்பி 17 பாகைக்கு உடுத்துக்கொண்டு 5 பாகைக்குள்ள விழுந்தவர். வசந்த காலத்தில ஏமாத்துறது இதுதான். பனிக்காலத்தில ஒருதரும் ஹூடியோட இறங்கமாட்டினம்.

வெட் சூட் உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவில கொஞ்சத் தண்ணியைப் பிடிச்சு, அதை உங்கட சூட்டால வெதுவெதுப்பாக்கி வைச்சிருக்கும். உடம்போட ஒட்டி இருக்கோணும், தொளதொள எண்டு இருந்தால் பிரயோசனம் இல்லை. கயாக் ஆக்கள் போடுற மூண்டு மில்லிமீற்றர், கையில்லாத வெட் சூட் ஜூன் கடைசிக்குச் சரி. ஏப்ரல் தண்ணிக்கு அது காணாது. பருத்தியைவிட எவ்வளவோ மேல், அவ்வளவுதான்.

ட்ரை சூட் தண்ணியை உள்ளயே விடாது. கழுத்திலயும் மணிக்கட்டிலயும் ரப்பர் வளையம் இருக்கும். ஆனா அது தனிய ஒரு மெல்லிய தோல், அதுக்குச் சூடு இல்லை. உள்ளுக்குக் கம்பளி இல்லாட்டி ஃபிளீஸ் போடோணும். பருத்தி வேண்டாம், வேர்வையிலயே நனைஞ்சு குளிரும். போட்டு முடிய, கழுத்து வளையத்தை ஒரு விரலால இழுத்துக் குந்தி இருந்து உள்காத்தை வெளிய விடுங்கோ, இல்லாட்டி பலூன் மாதிரி நிப்பியள். சிப்பைக் கடைசிப் பல்லு வரைக்கும் பூட்டினதோ எண்டு பக்கத்தில நிக்கிற ஆளைக் கொண்டு பாக்கச் சொல்லுங்கோ. அரை அங்குலம் திறந்து கிடந்தால் ஆயிரம் டொலர் உடுப்புக்குள்ள ஏரி ஏறும்.

வேடர்ஸ் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் இருக்கு. அது நிரம்பினால் ஆளைக் கல்லு மாதிரி அடிக்கு இழுக்கும் எண்டு சொல்லுறது சரியில்லை, தண்ணிக்குள்ள இருக்கிற தண்ணிக்குப் பாரம் இல்லை. ஆனா திரும்பக் கயாக்கில ஏறேக்க அந்தத் தண்ணி முழுதையும் காலோட சேத்துத் தூக்கோணும். குளிர்ந்த கையால அது முடியிற காரியம் இல்லை. இடுப்புப் பட்டி இறுக்கினாலும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். ஆழத் தண்ணியில கயாக் ஓடுறதுக்கு வேடர்ஸ் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். காசு இல்லாட்டி பழைய ட்ரை சூட் வாங்கி வளையத்தை மாத்துங்கோ. அதுவும் முடியாட்டி ஜூன் வரைக்கும் பாலத்தில நிண்டு தூண்டில் போடுங்கோ. மீன் ஓடிப் போகாது.

இனி ஏறுற வித்தை. ரூஜ் தம்பி பிழை விட்டது இதிலதான். உங்கட கயாக்கில நீங்கள் ஒருக்காலாவது வேணுமெண்டு கவிண்டு ஏறிப் பாத்தனீங்களோ? கன பேர் இல்லை எண்டுதான் சொல்லுவினம். கயாக் தலைகீழாக் கிடந்தால், அடிப்பாகத்துக்கு மேலால எட்டி மற்றப் பக்க விளிம்பை, இல்லாட்டி நீங்கள் முன்கூட்டியே கட்டி வைச்ச ஒரு பட்டியைப் பிடிச்சு, முழங்காலை இந்தப் பக்க விளிம்பில ஊண்டிப் பின்னால சாயுங்கோ. பிரளும். பிறகு நிண்டபடி ஏறப் பாக்காதேங்கோ. அப்பிடித் தொங்கினால் அது திரும்ப உங்கட மேலதான் கவிழும். கையை ரெண்டும் கயாக்கில வைச்சு, காலைப் பின்னுக்கு நீட்டி உதைச்சு, உடம்பு தண்ணி மட்டத்துக்குப் படுத்து வந்த பிறகு தொப்புள் சீற்றில படும் வரைக்கும் வழுக்கி ஏறுங்கோ. குப்புறக் கிடந்து மூச்சு எடுங்கோ. அதுக்குப் பிறகு இடுப்பைத் திருப்பி இருங்கோ, கால் கடைசியில. பாரமான ஆக்களுக்குக் காலை வைக்க ஒரு பட்டி வளையம் தொங்க விட்டால் நல்லம்.

கயாக்குக்கு மேல சாமான் குவிஞ்சிருந்தால் இது ஒண்டும் நடக்காது. தடி நாலு, மீன் பார்க்கிற திரை, பெட்டி, அத்தாங்கு எல்லாம் நீங்கள் வழுக்கி ஏற வேண்டிய இடத்திலதான் நிக்கும். துடுப்பைக் கட்டுங்கோ, அது போனால் கயாக் வெறும் மரக்கட்டை. ஆனா ஒவ்வொரு தடிக்கும் நீளக் கயிறு கட்டினால் கவிண்ட உடன அது வலையாகி உங்களைச் சுத்தும். தேவையானதை மட்டும் கட்டையாக் கட்டி, ஜக்கெற் முன்பக்கத்தில ஒரு கையால இழுத்தெடுக்கக்கூடிய கத்தி வைச்சிருங்கோ. நங்கூரம் போடுறவை பக்கவாட்டில போடவே கூடாது. ஓட்டம் இழுத்தால் விளிம்பு தாழ்ந்து ஒரு கணத்தில பிரட்டும். முன் முனை, இல்லாட்டிப் பின் முனை.


பேர்கன்_வாசி
ஏப்ரல் 30, காலை 5:20

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கட ஆட்கள் கன பேர் எண்பதுகளில் வடக்கே ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்தவை. குளிர்ந்த கடல் எண்டால் என்ன எண்டு அந்தத் தலைமுறைக்கு ஒருவரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

2015 மே 1ஆம் தேதியிலிருந்து இங்கே 8 மீற்றருக்குக் குறைந்த பொழுதுபோக்குப் படகுகள் ஓடும்போது வெளியில் இருக்கிற எல்லாரும் மிதவை உடுப்புப் போட்டிருக்க வேணும் எண்டு சட்டம் இருக்கு. நான் வந்த புதிதில் ஃபியோர்ட் ஓரத்தில் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு நிக்கிறதைப் பார்த்து, ஏன் இவ்வளவு பயப்படுகினம் எண்டு நினைச்சனான். பிறகு ஒருநாள் துறைமுகத்தில் வழுக்கி விழுந்தேன். ஏணி மூன்று மீற்றர் தூரத்தில் இருந்தது. அந்த மூன்று மீற்றரை இண்டைக்கும் கனவில் காண்கிறேன்.


ஏரிக்கரை_ராசன்
ஏப்ரல் 30, காலை 8:45

கனடாச் சட்டம் கயாக்குக்குக் கேக்கிறது: ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற், விசில் மாதிரிச் சத்தம் போடுற ஒண்டு, 15 மீற்றர் மிதக்கிற எறிகயிறு, தண்ணி இறைக்க ஒரு பாத்திரம் இல்லாட்டி பம்ப். ஜக்கெற் படகில இருக்கோணும் எண்டதுதான் அந்த விதி. இதே ஏரிக்கு அங்கால நியூயோர்க் மாநிலத்தில நவம்பர் 1 தொடக்கம் மே 1 வரைக்கும் 21 அடிக்குக் குறைஞ்ச படகில போட்டே இருக்கோணும். தண்ணி ரெண்டு கரைக்கும் ஒண்டுதான். நான் நியூயோர்க் விதியைத்தான் வருசம் முழுக்கப் பாக்கிறனான்.


மயிலிட்டி_மாமா
ஏப்ரல் 30, இரவு 9:15

தங்கச்சி தாதி எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். வாசிச்சிட்டு ஒரு வேலை செய்தன். வாளியில தண்ணி நிரப்பி, ஃபிறிட்ஜில இருந்த ஐஸ் எல்லாத்தையும் கொட்டி, ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் வைச்சன். பேரன் மணிக்கூடு பிடிச்சவன். முதல் நிமிசம் எலும்புக்குள்ள நோ. அஞ்சாம் நிமிசம் எடுத்து, ஒரு தூண்டில் முள்ளைக் கட்டப் பாத்தன்.

அறுபது வருசமா முள்ளுக் கட்டுறன். அமாவாசை இருட்டில, வள்ளம் ஆட ஆடக் கண்ணை மூடிக்கொண்டு கட்டின கை இது. அந்த நூலை விரலால பிடிக்கவே முடியேல்லை. நூல் விழுந்ததும் தெரியேல்லை, பேரன்தான் குனிஞ்சு எடுத்துத் தந்தவன்.

தம்பி, உன்னைப் பதறினாய் எண்டு சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள். அது என்ர பிழை.

இப்ப எனக்குத் தெரிஞ்ச ஒண்டைச் சொல்லுறன். குளிர் எனக்குத் தெரியாது, காத்துத் தெரியும். நீ அண்டைக்கு வடக்குக் காத்தெண்டு எழுதவே இல்லை. ஆனா கரை கண்ணாடி மாதிரி எண்டாய். வெளியில அலை தூக்கினது எண்டாய். நான் சனிக்கிழமைக் காத்தைத் தேடிப் பாத்தன். வடக்குத்தான்.

ஸ்காபரோப் புளஃப்ஸ் எண்ட அந்தச் செங்குத்துக் கரை சில இடத்தில 90 மீற்றர் உயரம். வடக்குக் காத்து அடிக்கேக்க அந்தச் சுவருக்குக் கீழ காத்து விழாது. கரையில நிண்டு பாக்கிற உனக்கு ஏரி நித்திரை கொள்ளுற மாதிரித் தெரியும். வெளிய போகப் போக மலையின்ர மறைப்பு முடியும், காத்து முதுகில விழும், அலை எழும்பும். அந்த அலையின்ர முதுகைத்தான் நீ கரையில இருந்து பாக்கிறாய், முகத்தைப் பாக்கிறதில்லை. அதால சின்னதாத் தெரியும். திரும்பி வாறதெண்டால் எதிர்க்காத்து. வர முடியாட்டி தெற்குக்கு இழுத்துக்கொண்டு போகும், அங்கால கரை நயாகராப் பக்கம், அம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. எங்கட ஊரில கரையில இருந்து கடலுக்கு வீசுற காத்தில சின்ன வள்ளத்தைத் தூர விடமாட்டம். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எண்டு நாலு பேர் வைச்சது பாட்டுக் கட்டுறதுக்கு இல்லை, எது வீட்டுக்குக் கொண்டு வரும், எது கொண்டு போகும் எண்டு தெரியத்தான்.

இன்னொண்டு. புளஃப்ஸ் கரையில கன இடத்தில ஏறவும் ஏலாது. களிமண் சுவர். இறங்கின இடத்தை விட்டு எவ்வளவு தூரம் போறாய், நடுவில எங்கை கரை தட்டலாம் எண்டு முதலே பாத்து வைக்கோணும்.


தாதி_மார்க்கம்
ஏப்ரல் 30, இரவு 9:50

மாமா, கண்ணில தண்ணி வந்திட்டுது. ஆனா உங்கட வயசில அந்த வாளி வேலையை இன்னொருக்காச் செய்ய வேண்டாம். சொல்லிப்போட்டன்.


கோவை_கார்த்தி
மே 2, இரவு 7:40

மாமா சொன்ன காத்து விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி.

அப்போ ஜூலை, ஆகஸ்ட்ல பயமில்லையா? தண்ணி 20 டிகிரிக்கு மேல வந்துடும்ல? சினூக் சால்மனும் அப்பத்தான் கரைப் பக்கம் வரும்னு சொல்றாங்க.


செல்வி_துடுப்பு
மே 2, இரவு 9:30

பொதுவாச் சரி. ஆனா இந்த ஏரிக்கு ஒரு குணம் இருக்கு. மேற்குக் காத்து ஒண்டு ரெண்டு நாள் விடாமல் அடிச்சால், பூமி சுத்துறதால மேல் தண்ணி காத்தின்ர திசைக்கு வலப்பக்கமாத் தள்ளுப்பட்டுத் தெற்குக்குப் போகும். அந்த இடத்தை நிரப்ப அடித்தண்ணி எங்கட வடகரையில மேல வரும். ஏரி 244 மீற்றர் வரைக்கும் ஆழம், அடியில கோடையிலும் 4 பாகைதான். நேற்று 20 பாகையில பிள்ளையள் குளிச்ச கடற்கரையில இண்டைக்கு 8, 9 பாகை நிக்கும். வெளியில 30 பாகை வெயில். ஜூலையில அரைக் காற்சட்டையோட போறவைக்கு இது தெரியாது. புறப்பட முதல் நோவா (NOAA) எண்ட அமெரிக்கக் கடல், வானிலை நிறுவனத்தின்ர நீர்மேற்பரப்பு வெப்பநிலைப் படத்தைப் பாருங்கோ, இறங்கிற இடத்தில ஒரு வெப்பமானியைக் கயிற்றில கட்டி விட்டும் பாருங்கோ. குளிர் உடம்பை உலுக்கிறது பனித்தண்ணியில மட்டும் எண்டு நினைக்காதேங்கோ, 10க்கும் 15க்கும் நடுவிலயே அந்த முதல் மூச்சு முழுப் பலத்தோட வரும்.

ஏப்ரலுக்கும் ஒரு நல்ல சேதி இருக்கு. அப்ப கரையோரத் தண்ணிதான் முதல்ல சூடாகும், வெளித்தண்ணி 4 பாகைக்குக் கீழயே கிடக்கும். ட்ரவுட்டும் இரையும் அந்தக் கொஞ்சச் சூட்டுக்காகக் கரையை அண்டித்தான் நிக்கும், ரெண்டு மூண்டு மீற்றர் ஆழத்தில. ரூஜ் தம்பி அறுநூறு மீற்றர் வெளிய போனது மீனுக்காகவும் தேவையில்லை.


ரூஜ்_தூண்டில்
மே 2, இரவு 10:12

உண்மை அக்கா. தூர மீன் பாய்ஞ்சதைக் கண்டு போனனான். கரையில நிண்ட ஆக்கள் என்னைவிடக் கூடப் பிடிச்சவை.


ஏரிக்கரை_ராசன்
மே 3, காலை 7:30

உதவி கூப்பிடுறதைப் பற்றி ஒருதரும் எழுதேல்லை. ஃபோன் ஈரக் கையால வேலை செய்யாது, விறைச்ச விரலால திரையில இலக்கம் அமத்தவும் ஏலாது. நான் மிதக்கிற கைவானொலி ஒண்டு, வி.எச்.எஃப், ஜக்கெற்றிலயே கட்டி வைச்சிருக்கிறன். சானல் 16இல கூப்பிட்டால் கரையோரக் காவற்படையும் கேக்கும், பக்கத்தில நிக்கிற படகும் கேக்கும். பக்கத்துப் படகுதான் முதல் வரும், ரூஜ் தம்பிக்கு வந்த மாதிரி. பாவிக்கிறதுக்கு ஒரு சின்னச் சோதனை பாஸ் பண்ணி அத்தாட்சி எடுக்கோணும், ஒரு வாரக் கடைசி படிச்சால் காணும். தனியப் போறவை, நிக்கிற இடத்தைச் செய்மதிக்கு அறிவிக்கிற 406 மெகாஹேர்ட்ஸ் அவசர பீக்கனும் வாங்கிப் பதிவு செய்யுங்கோ.

எதுவாயிருந்தாலும் உடம்பில இருக்கோணும். கயாக்கில இருக்கிறது கயாக்கோட போகும்.

எங்கை இறங்கிறன், எத்தினை மணிக்குத் திரும்புவன், அந்த நேரம் தாண்டினால் ஆரைக் கூப்பிடுறது எண்டு வீட்டில எழுதி வைச்சிட்டுப் போங்கோ. கயாக்குக்கு உள்பக்கம் உங்கட தொலைபேசி இலக்கத்தையும் ஒட்டுங்கோ. வெறும் கயாக் மிதந்தால் ஆளைத் தேடித்தான் படகும் ஹெலியும் வெளிக்கிடும். காத்து இழுத்துக்கொண்டு போன வெறும் கயாக் எண்டால் ஒரு அழைப்பில முடியும்.


ரூஜ்_தூண்டில்
மே 19, இரவு 8:05

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன். பழைய ட்ரை சூட் ஒண்டு வாங்கினன், கழுத்து வளையம் புதுசா மாத்தினது. நேற்றுச் செல்வி அக்காவும் கார்த்தியும் நானும் ஒரு சின்னக் குளத்தில, நெஞ்சளவு தண்ணியில ஏறிப் பழகினம். தண்ணி 12 பாகை.

எழுத வெக்கமில்லை: கரையில நிண்டு சிப்பை மூண்டு தரம் பாத்தன், பிறகும் கால் இறங்க மறுத்துது. அக்கா ஒண்டும் சொல்லாமல் பக்கத்தில நிண்டவ. முதல் முகத்தை மட்டும் நனைச்சன். பிறகு முதுகால சாஞ்சு மிதந்துகொண்டு, மூச்சு ஆறும் வரைக்கும் ஒண்டும் செய்யாமல் கிடந்தன். பிரிட்டனில ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்புப் படகுக்காரர் சொல்லுறதும் அதுதானாம், விழுந்தால் முதல் மிதக்கோணும், நீந்துறது பிறகு. ஒரு நிமிசத்துக்குக் கிட்ட எடுத்துது. உடுப்புக்குள்ள தண்ணி வரேல்லை, முகத்திலயும் கையிலயும்தான் குளிர். ஆனா அந்த மூச்சு ஓடுறது அடங்கும் எண்டு எனக்கு அண்டைக்குத் தெரிஞ்சிருந்தால் நான் அந்த முதல் நிமிசத்தைக் கயாக்கோட மல்லுக்கட்டி வீணாக்கியிருக்க மாட்டன்.

பதினோரு தரம் கவிண்டு ஏறினன். முதல் நாலும் சரிவரேல்லை. காலை நீட்டிப் படுக்கிறதுக்குப் பதிலா நான் ஒவ்வொரு தரமும் கையால தொங்கினன், அண்டைக்குச் செய்த அதே பிழை. அஞ்சாம் தரம் வந்திட்டுது. கடைசி மூண்டையும் தடியும் பெட்டியும் வைச்சுக்கொண்டு செய்தம். பெட்டியைச் சீற்றுக்குப் பின்னால தள்ளிக் கட்ட வேண்டி வந்துது. தடி ரெண்டுக்கு மேல கொண்டு போறேல்லை எண்டு முடிவு.

சனிக்கிழமை புளஃபர்ஸ் பார்க், காலை 6 மணி, மூண்டு கயாக் சேர்ந்து. இருநூறு மீற்றருக்கு வெளிய போறேல்லை. மாமா, கரையில நிண்டு காத்துப் பாக்க வருவியளோ?


மயிலிட்டி_மாமா
மே 19, இரவு 8:40

வாறன். தேத்தண்ணிப் போத்தலும் காஞ்ச போர்வை ரெண்டும் கொண்டு வாறன். வெள்ளி இரவு காத்தைப் பாத்துச் சொல்லுறன்.


கோவை_கார்த்தி
மே 19, இரவு 9:02

நான் ஆறாவது தடவையிலதான் ஏறினேன், அதையும் எழுதிடுறேன். இன்னும் ட்ரை சூட் வாங்கலை, செல்வி அக்கா அவங்க பழையதைக் குடுத்திருக்காங்க. மணிக்கட்டு ரப்பர் ரொம்ப இறுக்கம், கை நீலமாகுது. அதை வெட்டலாமா?


செல்வி_துடுப்பு
மே 19, இரவு 9:20

உடன வெட்டாதேங்கோ. அதின்ர வாயளவுக்குச் சரியா வாற போத்தல் ஒண்டில மாட்டி இரவு முழுக்க இழுத்து விடுங்கோ, இளகும். அதுக்குப் பிறகும் இறுக்கினால் நான் வந்து ஒரு வரி மட்டும் வெட்டுறன். கூட வெட்டினால் ஒட்டேலாது.


மயிலிட்டி_மாமா
மே 23, இரவு 9:05

பிள்ளையள், சனிக்கிழமை காலமை வடக்குக் காத்து, 15 நொட் வேகம். பத்து மணிக்குப் பிறகு இன்னும் கூடும் எண்டு போட்டிருக்கு. கரையில நிண்டு பாத்தால் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். வேண்டாம். ஞாயிறு தென்கிழக்கு, 5 நொட். அண்டைக்குப் பாப்பம்.


ரூஜ்_தூண்டில்
மே 23, இரவு 9:11

சரி மாமா. ஞாயிறு 6 மணி.